நாலு கம்பி வந்த வழி

பார்வைக்கு இது பெரிய கருவியே இல்லை. முழங்கால் உயரத்துக்கு நாலு எஃகுக் கம்பிகள், சுருட்டி வைத்த ஒயர், ஒரு பேட்டரி, நடுவில் ஓர் அளவைப்பெட்டி. மலாக்காவில் அலோர் காஜா பக்கமோ ஜாசின் பக்கமோ செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நாலைந்து பேர் இந்தக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தால், டெலிபோன் ஒயர் போடுகிறவர்கள் என்றோ நிலம் அளப்பவர்கள் என்றோ நினைத்துக்கொண்டு நாம் போய்விடுவோம். அவர்கள் மண்வெட்டியைத் தொடாமல் அடியில் களிமண்ணா, தண்ணீரா, கருங்கல்லா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பிகளை அவர்கள் நடும் ஒழுங்குக்கு ஷ்லும்பெர்ஜே முறை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும்.

கோன்ராட் 1878இல் பிறந்தார், மார்செல் 1884இல். சொந்த ஊர் அல்சாஸ் வட்டாரத்தின் கெப்வில்லர். 1871இல் பிரான்ஸ் போரில் தோற்றதும் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிருந்தது. நெசவுத் தொழிலிலும் இயந்திரத் தொழிலிலும் வேரூன்றிய குடும்பம் அது. அப்பா பால், பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்களாகவே வளர வேண்டும் என்று பாரிசில் படிக்க வைத்தார். அம்மா மார்கரெட் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மூத்தவர் 1907இல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இளையவர் பொறியாளர், இயந்திரம் என்றால் உயிர். அண்ணனுக்குக் கேள்வி கேட்கத் தெரியும், தம்பிக்கு அந்தக் கேள்வியைச் சேற்றிலும் மழையிலும் உழைக்கும் கருவியாக்கத் தெரியும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் கம்பிகள் கல்லூரிச் சுவரைத் தாண்டியிருக்காது.

ஆரம்பம் ஒரு செம்புத் தொட்டியில். கல்லூரியில் கோன்ராட் அதில் மணலை நிரப்பி, உள்ளே வேறு பொருள்களைப் புதைத்து, மின்சாரம் செலுத்தி, மேற்பரப்பில் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று புள்ளி புள்ளியாக அளந்தார். வெறும் மணலானால் சம அழுத்தக் கோடுகள் ஒழுங்காக விழும். உள்ளே எதையாவது புதைத்திருந்தால் கோடுகள் நெளியும். நெளிவை வைத்துப் புதைந்ததைச் சொல்லலாம் என்பதே எண்ணம். 1912இல் நார்மண்டியில் வால் ரிஷே என்ற குடும்பப் பண்ணையில் தொட்டிக்குப் பதிலாக நிலத்தையே எடுத்துக்கொண்டார். அன்று அவர் வரைந்த சம அழுத்தக் கோட்டு வரைபடமே இந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ். அடுத்த ஆண்டு செர்பியாவின் போர் என்ற ஊரில் செப்புத் தாது. அங்கே வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தவே தேவையிருக்கவில்லை. ஈர மண்ணில் கிடக்கும் சல்பைடுத் தாது தானே ஒரு மின்கலம் மாதிரி வேலை செய்கிறது, அந்தச் சின்ன அழுத்தத்தை அளந்தாலே போதும். பிறகு 1914, உலகப் போர், நாலு வருஷம் எல்லாம் நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று, கம்பி ஏன் நாலு என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. மின்தடையை அளக்க இரண்டு கம்பி போதாதா என்று தோன்றும். போதாது. கம்பியும் மண்ணும் தொடும் இடத்திலேயே தடை ஏகத்துக்கும் இருக்கும். காய்ந்த மண்ணானால் இன்னும் மோசம். அடை மழையில் தகரக் கூரைக்கடியில் நின்று ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோல, நிலத்தின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். அதனால் வேலையைப் பிரித்தார்கள். வெளியே இரண்டு கம்பிகள் மின்சாரத்தைச் செலுத்த, உள்ளே இரண்டு கம்பிகள் மின்னழுத்தத்தை மட்டும் கேட்க. உள்கம்பிகள் வழியே மின்சாரம் ஓடுவது இல்லையென்றே சொல்லலாம், ஆகவே தொடும் இடத்துத் தடை கணக்கைக் கெடுக்காது. அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915இல் நாலு கம்பியையும் சம இடைவெளியில் நடும் முறையைச் சொன்னார். ஷ்லும்பெர்ஜே முறையில் உள்கம்பிகள் நடுவே நெருங்கி அப்படியே நிற்கும், வெளிக்கம்பிகள் மட்டும் இரு பக்கமும் விலகிக்கொண்டே போகும். விலக விலக மின்சாரம் ஆழமாக இறங்கும். நகர்த்த வேண்டியது இரண்டே கம்பி. வெயிலில் ஒயர் இழுக்கிறவனைக் கேட்டால் இந்த வித்தியாசத்தின் அருமையைச் சொல்வான்.

போர் முடிந்ததும் அப்பா குறுக்கே வந்தார், நல்ல விதமாக. 1919 நவம்பரில் பால் இரண்டு மகன்களுடனும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்: ஆராய்ச்சிக்கு ஐந்து லட்சம் பிராங்க் வரை தருகிறேன், ஆனால் லாபத்தைவிட அறிவியல் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளைகளின் தொழிலுக்குப் பணம் போடும் அப்பாக்கள் இப்படி எழுதி வாங்குவது அபூர்வம். (நம்மூரில் நேர்மாறாக எழுதி வாங்குவார்கள்.) 1923இல் ருமேனியாவின் அரிசெஷ்டியில் நிலத்தடி உப்புக் குவிமாடம் ஒன்றின் உருவத்தை மேலிருந்தே வரைந்து காட்டினார்கள். எண்ணெய்க்காரர்களின் கண் இந்தப் பக்கம் திரும்பியது. 1926இல் கம்பெனி பதிவானது.

அடுத்த திருப்பம் கம்பிகள் படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்றது. நிலத்தின் மேல் விரித்து வைத்ததை, தோண்டிய குழிக்குள் செங்குத்தாக இறக்கினால்? 1927 செப்டம்பர் 5, அல்சாசின் பெஷெல்ப்ரான் எண்ணெய் வயல். கோன்ராடின் மருமகன் ஹென்றி டோல் இரண்டு உதவியாளர்களோடு ஒரு கிணற்றில் முதன்முதலாக அதைச் செய்தார். பேக்கலைட் குழாய்த் துண்டுகளைப் பித்தளையால் இணைத்த ஒரு நீளக்கோல், அதிலிருந்து மேலே வரும் ஒயர். ஒரு மீட்டர் நகர்த்துவார்கள், நிறுத்துவார்கள், அளப்பார்கள், தாளில் ஒரு புள்ளி வைப்பார்கள், மறுபடி ஒரு மீட்டர். புள்ளிகளைச் சேர்த்தபோது கிடைத்த வளைகோடுதான் உலகத்தின் முதல் மின் கிணற்றுப் பதிவு. பாறையை வெட்டி மேலே கொண்டுவராமலே எந்த ஆழத்தில் எது என்று படிக்க முடிந்தது.

அந்த ஒயர்களுக்குப் போட்டிருந்த உறை ரப்பர். மலாக்காக்காரனுக்கு இது சின்னத் தகவல் இல்லை. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டது மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம். அடுத்துப் புக்கிட் அசகான். 1920களில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து கப்பல் ஏறியது, அதைச் சீவி எடுத்த கைகளில் ஏராளமானவை தமிழ்க் கைகள். தண்ணீரும் சேறும் நிறைந்த ஆழ்குழிக்குள் மின்சாரத்தைக் கசியாமல் கொண்டுபோக அன்று ரப்பர்தான் கைகொடுத்தது. நிலத்தடியைப் படிக்கும் கலைக்குப் பால்மரம் கொடுத்த பங்கு இது. எந்த நினைவுக் கல்லிலும் இதைப் பொறிக்க மாட்டார்கள்.

1929இல் கிணற்றுப் பதிவு வெனிசுவேலாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் வணிக முறையில் போனது. கொஞ்ச நாளில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் வந்துவிட்டது. அதாவது நம் நீரிணையின் அந்தக் கரைக்கு. கோன்ராட் 1936இல் சோவியத் பயணம் முடிந்து திரும்பும் வழியில் ஸ்டாக்ஹோமில் காலமானார். மார்செல் 1953 வரை இருந்தார். கம்பெனி அமெரிக்காவுக்கு நகர்ந்து ராட்சசனாக வளர்ந்தது. 2022இல் பெயரையே எஸ்.எல்.பி. என்று மூன்றெழுத்தாகச் சுருக்கிக்கொண்டது.

அந்தக் கரைக்கு வந்தது இந்தக் கரைக்கு அப்போது ஏன் வரவில்லை என்றால், தேடியது எண்ணெய், மலாக்காவில் எண்ணெய் இல்லை. நம் தோட்டங்களில் இருந்த தேவை தண்ணீர். லயத்துக் கிணறு எங்கே தோண்டுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? பள்ளம் எது, மழை ஓய்ந்தும் புல் பச்சையாக நிற்பது எங்கே, கறையான் புற்று எங்கே என்று பார்த்துச் சொல்லும் பெரியவர்கள். கையால் தோண்டுவார்கள், பாறை இடித்தால் நின்றுவிடுவார்கள். வறட்சியில் அடி வற்றினால் விடியுமுன் வாளியோடு வரிசை. அந்தப் பெரியவர்களின் கண்ணை நான் குறைத்துப் பேசவில்லை, பல கிணறுகள் இரண்டு தலைமுறை தண்ணீர் கொடுத்தன. ஆனால் நாலு கம்பியும் ஒரு மீட்டரும் விலை உயர்ந்த பொருள்களே அல்ல. துரை பங்களாவின் ஒரு விருந்துச் செலவில் அடங்கியிருக்கும். எண்ணெய்க்கென்று உலகம் சுற்றிய முறை, கூலி குடிக்கும் தண்ணீருக்கென்று ஒரு நீரிணையைத் தாண்ட அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

எண்ணெய் வேறு வழியில் மலாக்காவுக்கு வந்தது. சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை 1994இல் ஓடத் தொடங்கியது. டுரியான் துங்கலிலிருந்தும் மஸ்ஜித் தானாவிலிருந்தும் வேலைக்குப் போன எத்தனையோ பேருக்கு அது சோறு போட்டது. அங்கே வந்து காய்ச்சப்படும் கச்சா எண்ணெய் எந்தக் கடலில் எடுத்ததானாலும் சரி, அதன் கிணற்றுக்குள் பெஷெல்ப்ரான் கோலின் பேரப்பிள்ளை ஏதோ ஒன்று இறங்கி ஏறியிருக்கும்.

தண்ணீர்க் கதைக்குத் திரும்புவோம். 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றியது. அந்த வருஷத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் மலாக்காவில் இன்னும் நிறைய. லாரித் தண்ணீருக்குக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள், இருக்கிற பழைய கிணறுகளைத் தூர் வாரினார்கள். அதற்குப் பிறகு மாநிலம் ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்து தண்ணீர் வாங்கியது, ஜூஸ் அணை கட்டியது. எல்லாம் மேல்தண்ணீர். கிளந்தானில் குழாய்த் தண்ணீருக்கே கணிசமாக நிலத்தடியை நம்புகிறார்கள், ஏனென்றால் அங்கே ஆற்று மணல் ஆழமாகக் கிடக்கிறது. மலாக்காவின் அடியில் கருங்கல்லும் அடுக்குப் பாறையும். கருங்கல்லுக்குள் தண்ணீர் தேங்க இடமில்லை, விரிசல்களில்தான் ஓடும்.

ஓடுகிறது என்பதற்கு அலோர் காஜா காடேக்கில் சாட்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முட்டியளவு வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரு பாறை வெடிப்பின் வாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாசின் பக்கம் பெம்பானிலும் வெந்நீர் ஊற்று உண்டு. மழைநீர் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, பாறைப் பிளவு வழியே திரும்பி வருகிறது. கருங்கல் ஊரில் கிணறு வெட்டுகிறவன் தேட வேண்டியது இந்த மாதிரிப் பிளவைத்தான், சூடு இல்லாமல். கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும். இறுகிய கருங்கல்லின் மின்தடைத்திறன் ஓம்-மீட்டர் கணக்கில் ஆயிரங்களில் போகும். அதே கல் உளுத்து, வெடித்து, தண்ணீர் ஊறியிருந்தால் சில நூறுக்கு இறங்கிவிடும். களிமண் நூறுக்குக் கீழே. கடல் நீர் ஒன்றுக்கும் கீழே.

இந்த வேலையைக் கிட்டத்தில் பார்ப்பது ஓர் அனுபவம். காலை எட்டு மணிக்கு டேப்பை நீட்டி நடுப்புள்ளி குறிக்கிறார்கள். செம்பனை வரிசையோடு ஒயர் போக வேண்டும், குறுக்கே வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள், அதைத் தாண்டித் தாண்டி இழுக்கிறான் ஒரு பையன். மேலே செம்மண் இறுகிக் கல்லாகியிருக்கிறது, சுத்தியல் அடிக்கு அடி கம்பி துள்ளுகிறது.

“அண்ணே, எறங்கல. கல்லு.”

“ஒரு ஜான் தள்ளி அடி. உப்புத் தண்ணி ஊத்து.”

பாட்டிலில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீரைக் கம்பியின் காலில் ஊற்றுகிறான். தொடும் இடத்துத் தடை குறையட்டும் என்று. பெட்டிக்கு முன்னால் குந்தியிருப்பவர் பொத்தானை அழுத்திவிட்டுப் பொறுத்திருக்கிறார். எண் ஆடி ஆடி நிற்கிறது. மாட்டைத் தடுக்கப் போட்ட கம்பிவேலி ஒன்று வரிசைக்கு இணையாகப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, மின்சாரம் நிலத்தை விட்டு அதில் ஏறிக்கொள்ளும். மேலே டிஎன்பியின் மின்கம்பி போனால் அது ஒரு தொல்லை. கோட்டை நாற்பது மீட்டர் தள்ளிப் போடச் சொல்கிறார். பையன் முனகாமல் ஒயரைச் சுருட்டுகிறான். வெளிக்கம்பிகள் இரண்டு பக்கமும் நூறு மீட்டர் போய்விட்டால் ஆள் ஆளுக்குக் கைபேசி, முன்பெல்லாம் கூப்பிட்டுக் கத்துவார்கள், வாக்கிடாக்கி வந்த பிறகு தொண்டை தப்பித்தது.

பழைய முறையில் அளவுகளை மடக்கைத் தாளில் குறித்து, அச்சடித்து வைத்த மாதிரி வளைகோடுகளின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பொருத்துவார்கள். எந்த மாதிரியோடு ஒத்துப்போகிறதோ அதன் அடுக்குதான் இந்த நிலத்தின் அடுக்கு. கண்ணும் அனுபவமும் சேர்ந்த வேலை, ஒரே கோட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம். தமிழ்நாட்டின் குடிநீர் வடிகால் வாரியம் கிராமம் கிராமமாக ஆழ்குழாய் போட இந்தச் சோதனையைத்தான் நம்பியது. அதே கிராமத்தில் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் என்று சொல்பவரும் இருப்பார். சில விவசாயிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் போர்வெல் வண்டிக்கு முன்பணம் கொடுப்பார்கள்.

இப்போது வரிசைக் கம்பிகள் வந்துவிட்டன. நாலு போய், ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நாற்பத்தொரு கம்பி, இருநூறு மீட்டர் நீளம். எந்த நாலு கம்பி எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்று பெட்டியே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான அளவுகள் குவியும். இவ்வளவையும் பிடித்து ஒரு படமாக்கும் கணக்கு மனிதக் கையில் அடங்காது. அந்தக் கணக்கை அடக்கிய மென்பொருள் பாரிசிலிருந்தோ ஹூஸ்டனிலிருந்தோ வரவில்லை. எழுதியவர் பினாங்குக்காரர் லோக் மெங் ஹெங். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர், அங்கிருந்த பார்க்கருடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, அளந்த எண்களிலிருந்து நிலத்தடி வெட்டுமுகத்தை வேகமாக வரைந்தெடுக்கும் வழியைச் சொன்னது. அதன் வழிவந்த ரெஸ்டூடின்வ் என்ற மென்பொருளை இன்று ஆப்பிரிக்கக் கிராமத்தில் கிணறு தேடுகிறவரும் திறக்கிறார், ஐரோப்பாவில் அணைக் கசிவு பார்ப்பவரும் திறக்கிறார். வால் ரிஷேயில் கையால் வரைந்த கோடு, பினாங்கில் நிறம் பூசிக்கொண்டு உலகத்துக்குத் திரும்பிப் போனது. நம் ஊர் இந்தக் கதையில் வாங்குகிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு மாறியது இங்கேதான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்தால் குறைந்துபோகாது.

இந்த முறைக்குச் சறுக்கலும் உண்டு. மெர்லிமாவ், உம்பாய் போன்ற கரையோரத்தில் எண்கள் குறைந்தால் அது கடல் களிமண்ணா, உப்பு ஊறிய மணலா என்று கம்பி சொல்லாது. இரண்டும் மின்சாரத்தை எளிதாக விடும். ஒரு குழி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆழத்துக்கும் எல்லை இருக்கிறது. இருநூறு மீட்டர் கோடு போட்டால் நாற்பது மீட்டர் அளவுக்குத்தான் நம்பிப் பேசலாம், அதற்குக் கீழே படம் அழகாக வந்தாலும் நான் பணம் கட்ட மாட்டேன். ஆனால் தொல்லியலுக்கு இந்த ஆழமே அதிகம். கெடா சுங்கை பத்துவில், அதாவது நம் கடாரத்து மண்ணில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் புதைந்த கட்டடங்களைத் தேட இந்தக் கம்பிகளை நட்டார்கள். மலாக்கா நகரத்தில் 2006இல் தாமிங் சாரி கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டும்போது டச்சுக்காரர்களின் மிடல்பர்க் கொத்தளம் தட்டுப்பட்டது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கடல் களிமண்ணுக்கு நடுவே கட்டிய கல் சுவர் மின்படத்தில் பளிச்சென்று தெரியக்கூடிய பொருள். முன்கூட்டி ஒரு நாள் கம்பி அடித்திருக்கலாம்.

இப்போது மலாக்காவில் இந்த வேலைக்கு வரும் ஆர்டர்களில் கிணற்றைவிட வீடமைப்புத் திட்டங்கள் முந்திக்கொள்கின்றன. தோட்டம் துண்டாகிறது, செம்பனையைச் சாய்த்துவிட்டு இரண்டு மாடி வரிசை வீடுகள். கட்டுமானக் கம்பெனிக்குத் தண்ணீர் வேண்டாம், அது குழாயில் வரும். அவர்களுக்கு வேண்டியது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் உருண்டைக் கருங்கல் எங்கே என்பது, இல்லாவிட்டால் பைலிங் அடிக்கும்போது பாதியில் கல் இடித்து முளை முறியும். அதே மென்பொருள், அதே படம். தண்ணீர் தேடுகிறவர் அதில் நீலத்தைத் தேடுவார், மின்தடை குறைந்த இடம் அது. கட்டடக்காரர் சிவப்பைத் தேடுவார். படத்தைக் கையில் கொடுத்ததும் ஒப்பந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “பாஸ், கல்லு எத்தன மீட்டர்ல?” பழைய லயத்துக் கிணறு அந்த நிலத்தில் எங்காவது தூர்ந்து கிடந்தால், அதுவும் மண் நிரம்பிய ஒரு சின்ன நீலத் திட்டாகப் படத்தில் விழும். அதன் மேல் தூண் வரக்கூடாது என்று பொறியாளர் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார்.